இரட்டைப் பின்னல் நிழல்

“நிழல் இங்க இருக்கு. ஆள் எங்க?”

“அதான் சொல்றேனே, அந்தப் பொண்ணு ஸ்கூலை விட்டே...”

“ஆள் எங்கன்னு கேக்குறேன்.”

“...போயிட்டாளாம். போன பிள்ளையைப் படத்துல இருந்து எடுக்கச் சொல்றது இன்னிக்கு நேத்தா நடக்குது? வருஷா வருஷம் எடுக்குறதுதானே. நீங்க என்னமோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி...”

“ஆளை எடுத்தவ நிழலையும் சேர்த்து எடுத்திருக்கணும்ல?”

ஸ்டுடியோக்காரி பட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பேச்சில் அவளை மடக்க அவள் புருஷனால் ஆகாது. கல்யாணமான நாளிலிருந்தே அவர் கேமராவுக்குப் பின்னால், இவள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் என்றுதான் அந்தக் கடை ஓடுகிறது. ஆனால் இன்று அவர் விரல் வைத்த இடத்தை அவளும் குனிந்து பார்த்தாள்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டுவதற்காகப் பெரிதாகப் போட்ட படம். சட்டம் போட வேண்டி வெட்டுமேசையில் விரித்திருந்தார். பள்ளி வாசற்படிகளில் வகுப்பே வரிசையாக நிற்கிறது. காலை வெயில் பக்கவாட்டில் அடிக்கிறது. இரண்டாவது வரிசைக் கடைசியில் இவர்கள் மகள். கழுத்தோடு வெட்டிய முடி. அவளுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். ஆனால் அவளுடைய வெள்ளைச் சட்டையின் மேல், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், ஒரு நிழல் விழுந்திருந்தது. ஒரு தலை. தலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரட்டைப் பின்னல்.

சுவரை அவள் சுத்தமாகத்தான் செய்திருந்தாள். காரை பெயர்ந்த இடத்தைக்கூட அப்படியே கொண்டுவந்திருந்தாள். அங்கே ஒரு பெண் நின்றாள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். நிழல் எப்படித் தப்பியது என்றால், அது அவள் மகள் மேல் விழுந்திருந்தது. ஊரார் பிள்ளைகளின் பருவையும் தழும்பையும் நாளெல்லாம் துடைக்கிற கை, பெற்ற மகளின் படத்துக்குப் பக்கத்தில் வந்தால் நின்றுவிடும். கம்ப்யூட்டரில் அந்த அழிக்கிற வட்டத்தை மகள் உடம்பின் மேல் கொண்டுபோக அவளுக்கு மனசு வராது. மகள் சட்டையில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, துணி மடிப்பு போல என்று நினைத்து, அந்தப் பக்கம் போகாமலே விட்டுவிட்டாள்.

“சரி, விட்டுப் போச்சு. இப்ப அதையும் எடுத்துடறேன், போதுமா?”

“எடுக்க வேணாம்” என்றார் அவர். நேற்று மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போயிருந்தாராம். வேன் நிற்கிற இடத்தில் இந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாளாம், இதே பின்னலோடு. ஸ்கூலை விட்டுப் போன பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு வேனுக்கு ஏன் நிற்கிறது?

“வேற யாராச்சும் இருக்கும்.”

“பிள்ளைங்க எல்லாம் அவ மேல மோதிக்கிட்டே போச்சுங்க. ஒருத்தரும் விலகலை. ஒரு தூண் நின்னாக்கூடச் சுத்தித்தானே போவாங்க? அவ நிக்கிற இடத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி நேரா நடந்தாங்க. அவளும் ஏன்னு கேக்கலை. இடிச்சதும் நகர்ந்துக்கிட்டா, அவ்வளவுதான்.”

ஸ்டுடியோக்காரி கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்படியானால் பழைய படத்தை எடுத்து மறுபடி போட்டுவிடலாம் என்றாள். எடு என்றார். அவள் திருத்திய படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டிருந்தாள். கேமரா கார்டில் இருக்குமே என்றாள். ஒரு கல்யாண ஆர்டருக்காக அவர் அதைத் துடைத்துவிட்டிருந்தார். துடைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்று அவளும், பழைய படத்தின் மேல் சேமிக்காதே என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன் என்று அவரும் இன்னொரு சுற்று ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் இருக்கிற படம் இப்போது எங்கேயும் இல்லை.

அவள் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணைத் துடைத்த நாளிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. துடைக்கும்போது முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கித்தான் செய்தாள். மோவாயில் ஆறிக்கொண்டிருக்கும் சின்னக் காயம். வாய் லேசாகத் திறந்து, ஏதோ சொல்ல வந்தது மாதிரி. ஓரத்திலிருந்து உள்ளே வருவது அவள் பழக்கம் என்பதால் வாய்தான் கடைசியாகப் போயிற்று. அதற்குப் பிறகு, வேலை முடிந்து கம்ப்யூட்டரை அணைத்தால், கறுத்த திரையில் தன் முகத்துக்குப் பின்னால் இன்னொரு ஆள் நிற்பது போலிருக்கும். திரும்பினால் பின்னணித் துணி தொங்கும். கண் கெட்டுப்போச்சு, கண்ணாடி மாத்தணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மகள் பள்ளிவிட்டு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, மேசையில் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டாள்.

யார் எடுக்கச் சொன்னது என்று அம்மா கேட்டாள். மிஸ் என்றாள் மகள். மிஸ் சொன்னதாக மகள் வந்து சொல்வதும், அதை அப்படியே இவர்கள் செய்வதும் அந்தக் கடையில் புதிதில்லை. பள்ளிக்கும் கடைக்கும் நடுவே அவள்தான் தபால். மிஸ் சொன்னார்கள், இரண்டு பிரதி கூடவே வேண்டும். மிஸ் சொன்னார்கள், சட்டம் பழுப்பு நிறத்தில் வேண்டும். அது மாதிரிதான் இதுவும் வந்தது. எந்த மிஸ் என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேள்வி வந்தது. படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலையே மகள் பார்த்தாள். அப்பா போனைக் கையில் எடுத்தார்.

“வேணாம்ப்பா.”

அதற்கு மேல் அவள் சொன்னதைக் கோர்வையாகக் கேட்க முடியவில்லை. அழுகையும் மூக்கை உறிஞ்சுவதுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. வகுப்பில் ஒரு விளையாட்டு இருக்கிறதாம். அதற்குக் ‘காலி’ என்று பேர். ஒருத்தி காலி ஆகிவிட்டால் அவள் அங்கே இல்லை. யாரும் அவளைப் பார்க்கக் கூடாது, அவள் பேசுவது கேட்கக் கூடாது. வேனில் அவள் மடி மேலேயே ‘சீட் காலியாத்தானே இருக்கு’ என்று உட்காருவார்கள். வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிடும்போது அவள் குரல் கொடுத்தால், எங்கிருந்து சத்தம் வருகிறது என்று ஜன்னலைப் பார்ப்பார்கள். ஒருத்தரும் அடிக்க மாட்டார்கள், கிள்ளக்கூட மாட்டார்கள். மிஸ்ஸுக்குத் தெரியும்படியாக அதில் ஒன்றுமே கிடையாது.

எப்போது முடியும் என்று அப்பா கேட்டார்.

யாராவது காலியோடு பேசினால் முடியும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டும். பேசினால், பேசினவள் காலி. பழைய காலி திரும்ப வந்துவிடுவாள். இதெல்லாம் மானிட்டர் வைத்த சட்டம். மானிட்டர் என்றால் வகுப்புத் தலைவி. படிப்பில் முதல், பேச்சுப் போட்டியில் முதல். இவர்கள் கடையில் பரிசுக் கோப்பையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனவள்.

“அந்தப் பொண்ணு என்ன தப்புப் பண்ணுச்சு? அவளை ஏன் காலி ஆக்கினாங்க?”

“என்கூடப் பேசினா.”

“உன்கூடப் பேசினா என்ன?”

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு சொல்லியும் புரியவில்லையா என்கிற பார்வை.

“அதுக்கு முன்னாடி நான்தானே காலி.”

போன பருவத்தில் காலையானால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்த மகள் ஸ்டுடியோக்காரியின் கண்முன் வந்தாள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இருக்காது. பள்ளிக்கு மட்டம் போட வேஷமா என்று தரதரவென்று இழுத்துப்போய் வேனில் ஏற்றியது இதே கைதான். டாக்டரிடம் காட்டினாள், டானிக் எழுதிக் கொடுத்தார். திடீரென்று ஒரு நாள் வயிற்றுவலி போய்விட்டது. டானிக் பிரமாதம் என்று பக்கத்துக் கடைக்காரிக்கும் வாங்கிக்கொடுத்தாள். அந்த ஒரு நாளில் நடந்தது என்னவென்று இப்போது மகள் சொன்னாள். மழை பெய்ததாம். குடை எல்லாருக்கும் உண்டு, ஆனால் காலியைக் குடைக்குள் யார் சேர்ப்பார்கள்? வேனுக்காக இவள் மட்டும் நனைந்துகொண்டு நின்றாளாம். இரட்டைப் பின்னல்காரி சட்டம் தெரிந்தேதான், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, ‘நனையாதே, உள்ள வா’ என்று சத்தமாகக் கூப்பிட்டாளாம்.

“அப்புறம் நீ அவகூடப் பேசினியா?”

மகள் இல்லையென்று தலையாட்டினாள். “படத்துல அவ இருந்தா, நீதான் மறுபடியும் காலின்னு மானிட்டர் சொன்னா. உங்க கடைதானே, உங்க அம்மாதானே எடுக்குறாங்கன்னா.”

அப்பா எழுந்து வெளியே போய்க் கடைவாசலில் நின்றுகொண்டார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். அம்மாவுக்குத் திட்டவும் வரவில்லை, அணைத்துக்கொள்ளவும் வரவில்லை. பையை இறக்கி வை என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். மாடிக் குடியிருப்பு. அப்பா பஸ் கண்டக்டர். அம்மாவுக்கு வெளியூரில் வேலை, மாசத்துக்கு ஒருமுறை வருவாளாம். கண்டக்டர் மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ வீட்டம்மா என்றதும் பரபரவென்று நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினார்.

“வாங்கம்மா, உக்காருங்க. படம் நல்லா வந்திருந்துச்சு. எங்க பொண்ணுதான் கொடுத்து வெக்கலை” என்று அவரே ஆரம்பித்தார். “அன்னிக்கு எங்கயோ ஊர் சுத்தியிருக்கா போல. கேட்டா, நின்னேம்ப்பா, நின்னேம்ப்பாங்கறா. எங்க நின்ன, காட்டுன்னேன். கொண்டுபோய் வெறும் சுவத்து மேல விரலை வெச்சா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். பொய் வேற சொல்றியான்னு ஒண்ணு வெச்சுட்டேன்.”

வழியெல்லாம் ஸ்டுடியோக்காரி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு எங்கேயோ போய்விட்டது. அண்ணே, அவ நின்னா, நான்தான் எடுத்துட்டேன் என்று முதலில் அதைத்தான் சொன்னாள். பிறகு மற்றதையும் சொன்னாள், விளையாட்டை, மழையை, தன் மகளை, ஒன்றையும் மறைக்காமல். மகள் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

கண்டக்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அலமாரியிலிருந்து படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவள் விரல் காட்டிய நிழலைப் பார்த்தார்.

“ஒண்ணு மேல ஏறிக்கிட்டு, ஒண்ணு கீழ இறங்கிக்கிட்டு நிக்குது பாருங்க. எனக்கு ரெண்டும் ஒரே மட்டத்துல வரவே வராது. அவங்கம்மா வந்தா சிரிப்பா.” நிழலின் மேல் விரலை ஓட்டி, “நான் பின்னின பின்னல்தாம்மா இது” என்றார்.

உள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்க்க உட்கார்ந்திருந்தாள். படம் வந்த நாளிலிருந்து வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டதாம். கோபம், தானாகச் சரியாகும் என்று விட்டிருந்தாராம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. தட்டு வைத்தால், அவர் எழுந்த பிறகு வந்து சாப்பிடுகிறாள். வீட்டுக்குள் எதிரே வந்தால், நாம் இடிக்கும் முன்பே சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுகிறாளாம். கண்டக்டர் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அப்பா மேல தப்புடா, நீ நின்னது நிஜம்தான், இதோ ஆன்ட்டி வந்திருக்காங்க என்றார். அவள் கண் அவர் முகத்தைத் தாண்டி, நிலைப்படியில் நின்ற ஸ்டுடியோக்காரியைத் தாண்டி எங்கோ போயிற்று. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மோவாய்க் காயம் ஆறிவிட்டிருந்தது.

பேசு என்று மகளை முன்னால் தள்ளினாள். மகள் வாயைத் திறக்கவில்லை. மாடிப்படி இறங்கும்போது கையைப் பிடித்து உலுக்கி, ஒரு வார்த்தை பேசினால் முத்தா உதிர்ந்துபோகும் என்று கேட்டாள்.

“வீட்டுல பேசினா அது செல்லாதும்மா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி பேசினாத்தான் அவ திரும்ப வர முடியும்.”

“பேசினா நீ?”

மகள் முன்னால் நடந்தாள். ஸ்டுடியோக்காரி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். பேசுடி, என்ன ஆனாலும் நான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கூடவே சுருண்டு படுத்த அந்தக் காலைகளும் வந்தன. வீடு வந்து சேரும் வரை அவள் சொல்லவில்லை.

பள்ளியில் போய் எல்லாவற்றையும் சொன்னவர் அவள் புருஷன்தான். படத்தைத் தன் செலவில் மறுபடி எடுத்துத் தருவதாகவும் சொல்லிவிட்டு வந்தார். தலைமையாசிரியை நல்ல மாதிரி. மறுபடி படம் எடுக்கிற அன்று வகுப்பையே படிக்கட்டில் நிறுத்தி, ஒற்றுமை என்றால் என்ன, நம் பள்ளி ஒரே குடும்பம் என்றெல்லாம் பேசினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். மானிட்டர்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். இனிமேல் அப்படி யாரும் விளையாடக் கூடாது, சரியா என்றார். சரி மிஸ் என்று ஒரே குரலில் பாடினார்கள். அதோடு விஷயம் தீர்ந்தது என்று அவர் தம் அறைக்குப் போய்விட்டார்.

கண்டக்டர் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசல் கேட்டுக்கு அருகில் சீருடையோடு நின்றார். அந்தப் பெண் யாரும் சொல்லாமலே படியேறி, இரண்டாவது வரிசைக் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கும் ஸ்டுடியோக்காரி மகளுக்கும் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். மற்ற பிள்ளைகள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வாசற்படியைப் பார்க்கிற மாதிரி, சுவரைப் பார்க்கிற மாதிரி அவளூடாகப் பார்த்தார்கள்.

“கொஞ்சம் நெருங்கி நில்லுங்க பிள்ளைங்களா” என்றார் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர். வரிசை முழுக்க நெருங்கியது. அந்த ஒரு இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

வரிசை சரிசெய்வது ஸ்டுடியோக்காரியின் வேலை. காலர் மடிப்பாள், முடியை ஒதுக்குவாள், தோளைப் பிடித்து இப்படி அப்படி நகர்த்துவாள். தன் மகளின் அருகில் வந்து தோளில் கை வைத்தாள். நகர்த்தத்தான் வைத்தாள். கேமராவிலிருந்து நிமிர்ந்த அவள் புருஷன் அவளையே பார்த்தார். அப்போதுதான் தன் கை மகளை நகர்த்தவில்லை, கெட்டியாகப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மகள் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. மகள்தான் தோளை மெதுவாக உருவிக்கொண்டாள்.

ஒரு எட்டு வைத்து அந்தப் பெண்ணை ஒட்டிப்போய் நின்றாள். மானிட்டரின் உதட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. இனி மகள் வாயைத் திறந்தால் அந்தப் பெண் திரும்ப வந்துவிடுவாள், மகள் காலி ஆகிவிடுவாள். காலியான மகளுக்கு அந்தப் பெண் பதில் சொன்னால் அவளே மறுபடி காலி. இரண்டு பேரும் சேர்ந்து இருப்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை என்பது படிக்கட்டில் நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

மகள் பேசினாள். கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி, உடைந்த குரலில் பேசினாள். இரட்டைப் பின்னல்காரி கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. மகள் அவள் கையைத் தொட்டு, இன்னும் சத்தமாக மறுபடி கேட்டாள்.

“நான் பக்கத்துலதான் நிக்கிறேன். நான் பேசுறது உனக்குக் கேக்குதா?”